பினாங்குக்குப் பட்டன் போனோடு வரலாமா?

தம்பிக்கு வணக்கம். மலேசியாவின் பினாங்கிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பணியில் சேர அடுத்த மாதம் புதுக்கோட்டையிலிருந்து புறப்படவிருப்பதாகவும், கையிலுள்ள ஸ்மார்ட்போன் உறக்கத்தையும் சேர்த்து விழுங்குவதால் அதைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, வைஃபை அழைப்பு வசதியுள்ள பட்டன் போன் ஒன்றை மட்டும் எடுத்துவர எண்ணுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு போனை வைத்துக்கொண்டு பினாங்கில் காலம் தள்ள முடியுமா என்பதும், வைஃபை வழியாகப் பேசினால் ஊரிலுள்ள அம்மாவோடு செலவில்லாமல் பேசலாமா என்பதும் உங்கள் கேள்விகள். முதல் கேள்விக்கு என் பதில், முடியும், ஆனால் தங்குமிடத்தில் ஒரு பழைய ஸ்மார்ட்போனும் இருக்க வேண்டும் என்பது. இரண்டாவதற்குப் பதில், முடியாது என்பது. வெள்ளி, அதாவது இங்குள்ள பணம், கரைவது இரண்டாவதில்தான் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

வைஃபை அழைப்பு என்றவுடன் வாட்ஸ்அப்பில் பேசுவதைப் போல என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டும் வேறு. வாட்ஸ்அப் அழைப்பு இணையத்திலேயே தொடங்கி இணையத்திலேயே முடிகிறது. தொலைபேசி நிறுவனத்துக்கு அதில் இணைய இணைப்பைத் தருவதைத் தவிர வேறு வேலை இல்லை. வைஃபை அழைப்பிலோ, உங்கள் போன் அருகிலுள்ள வைஃபையைப் பிடித்து, அதன் வழியே உங்கள் சிம் அட்டையை வழங்கிய நிறுவனத்தின் மையம் வரைக்கும் மறைகுறியாக்கப்பட்ட ஒரு பாதையை அமைத்துக்கொள்கிறது. சிம் அட்டை உண்மையானதுதானா என்று அங்கே சரிபார்க்கப்பட்ட பிறகு, கோபுரத்தின் வழியாகச் சென்றிருக்க வேண்டிய அதே சாதாரண அழைப்பு இந்தப் பாதையில் செல்கிறது. கோபுரத்துக்குப் பதிலாக வைஃபை நிற்கிறது என்பதைத் தவிர, எண்ணும் கட்டணமும் திட்டமும் எதுவும் மாறுவதில்லை. எனவே, மலேசிய சிம்மிலிருந்து அம்மாவின் இந்திய எண்ணை அழைத்தால், நீங்கள் வைஃபையில் இருந்தாலும் அது வெளிநாட்டு அழைப்பாகவே கணக்கிடப்படும். உங்கள் திட்டத்தில் உள்நாட்டு அழைப்புகள் இலவசமாக இருந்தால் வைஃபை வழியிலும் அவை இலவசம். இந்தியாவுக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்றிருந்தால் வைஃபை வழியிலும் அவ்வளவேதான்.

அம்மாவிடம் இணைய வசதியுள்ள போன் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே மற்றவை அமையும். தங்கையிடம் கொடுக்கப்போகும் உங்கள் ஸ்மார்ட்போன் வீட்டிலேயே இருக்குமானால், வாட்ஸ்அப்பில் முகம் பார்த்தே பேசலாம். நீங்கள் கேட்ட செலவில்லாப் பேச்சு அதுதான், அதற்கு உங்கள் பக்கத்திலும் ஒரு ஸ்மார்ட்போன் வேண்டும். என் தாயார் கடைசி வரை சாதாரண போனையே வைத்திருந்தார், தொடுதிரையைத் தொடவே அஞ்சுவார். அதனால் நான் இந்தியாவுக்குக் குறைந்த கட்டணம் உள்ள முன்கட்டணத் திட்டம் ஒன்றைத் தேடி வைத்திருந்தேன். 2003-இல் நான் வந்த புதிதில் சுரண்டிப் பார்க்கும் தொலைபேசி அட்டையை வாங்கி, ரகசிய எண்ணை அழுத்தி, அட்டையில் மீதி எவ்வளவு என்று ஒரு பெண் குரல் மலாயில் சொல்லி முடிப்பதற்குள் அவசரப்பட்டு ஊர் எண்ணையும் அழுத்திய காலத்தோடு ஒப்பிட்டால், இப்போதைய கட்டணம் பெரிய சுமையில்லை. சிம் வாங்கும்போது இந்தியக் கட்டணத்தைக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டவர் சிம்மைப் பதிவு செய்யக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வேண்டும் என்பதால் அதை எடுத்துச் செல்லுங்கள்.

செலவு குறையாது என்றால் இந்த வசதி எதற்கு என்று கேட்பீர்கள். என் வீட்டுக் கதையைச் சொன்னால் விளங்கும். பாயா தெருபோங்கில் குன்றை ஒட்டிய அடுக்குமாடியில் பதினான்காம் மாடியில் குடியிருக்கிறோம். ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் எங்கள் கட்டடத்தைவிட உயரமான கட்டடம், இடையில் தடித்த கான்கிரீட் சுவர்கள். உள்ளறைக்குள் போனால் போனில் ஒரு கோடுகூட நிற்காது. பல ஆண்டுகளாக வீட்டில் யாருக்கு அழைப்பு வந்தாலும் சமையலறைச் சன்னலுக்கு ஓடுவது வழக்கமாக இருந்தது; கருவேப்பிலைத் தொட்டிக்கும் எரிவாயு உருளைக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடம்தான் எங்கள் தொலைபேசிக் கூண்டு. வீட்டில் ஏற்கெனவே கம்பிவட இணையம் இருந்தது. வைஃபை அழைப்பு உள்ள போன் வந்த அன்று, கட்டிலில் படுத்தபடியே பேச முடிந்தது. குரலும் தெளிவாக இருந்தது, எதிர்முனையிலும் 4ஜி அழைப்பு வசதி இருக்கும்போது இன்னும் தெளிவு. ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு எம்பிக்குள்தான் செலவாகும் என்பதால் மெதுவான இணையமே போதும். குறுஞ்செய்திகளும் பெரும்பாலும் அதே பாதையில் வந்துவிடும். தொழிலாளர் தங்கும் வீடுகள் பலவும் இப்படிப்பட்ட அடுக்குமாடிகளில் இருப்பதால், இந்த நன்மையை நீங்கள் முதல் வாரத்திலேயே உணர்வீர்கள்.

இனிப் போன் வாங்குவதைப் பற்றிச் சொல்கிறேன். இதில் நான் ஏமாந்திருக்கிறேன். பெட்டியில் ‘வைஃபை’ என்று அச்சிட்டிருந்த பட்டன் போன் ஒன்றை ஜார்ஜ்டவுன் கடையொன்றில் வாங்கி வந்தேன். வைஃபை பிடித்தது, வானிலை பார்க்க முடிந்தது, ஆனால் அழைப்பு மட்டும் வைஃபையில் போகவில்லை. விற்றவர் தொலைபேசி நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார், நிறுவனத்தின் முகப்பில் இருந்த பிள்ளை போன் விற்ற கடையைக் கேட்கச் சொன்னாள். மூன்றாவது முறை போனபோதுதான், அந்த மாதிரி தங்கள் பட்டியலில் இல்லை என்று ஒருவர் ஒப்புக்கொண்டார். போனில் வைஃபை இருப்பது ஒன்று, வைஃபை அழைப்பு இருப்பது மற்றொன்று, அந்த மாதிரியில் அதை உங்கள் தொலைபேசி நிறுவனம் அனுமதித்திருப்பது மூன்றாவது. மூன்றும் கூடினால்தான் காரியம் நடக்கும். நோக்கியா 6300 4ஜி போன்ற சில பட்டன் போன்களில் வசதி உண்டு. 4ஜி என்று பெயர் தாங்கிய பெரும்பாலான மலிவு பட்டன் போன்களில் வைஃபையே கிடையாது. ஆகவே ஊரிலேயே வாங்கிவிடாமல், இங்கே வந்து சிம்மைப் போட்டு, போனை விமான நிலைக்கு (ஏர்பிளேன் மோடு) மாற்றி, வைஃபையை மட்டும் இயக்கி, கடைக்காரர் முன்னிலையிலேயே ஓர் அழைப்பு விடுத்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். உங்களிடம் ஜியோபோன் இருந்தால் அதை எடுத்துவர வேண்டாம், அது ஜியோ சிம்மில் மட்டுமே இயங்கும். பழைய 3ஜி போன்களும் வேண்டாம். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டுவிட்டதால் அவை 2ஜியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வாங்கும் போனில் 4ஜி வழி அழைப்பு வசதியும், அதாவது கோபுரத்தின் 4ஜி இணைப்பிலேயே பேசும் வசதியும், சேர்ந்தே இருக்க வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. வைஃபையில் பேசிக்கொண்டே வீட்டை விட்டு இறங்கினால், அழைப்பு அறுபடாமல் கோபுரத்துக்கு மாறுவது 4ஜி வழி அழைப்பு இருந்தால்தான் நடக்கும். இல்லையென்றால் மின்தூக்கிக் கதவு மூடும்போதே பேச்சு நின்றுவிடும். வீட்டில் மின்சாரம் போனால் வைஃபையும் போகும், அதை நம்பியிருக்கும் அழைப்பும் போகும். தங்கும் விடுதிகளிலும் பேரங்காடிகளிலும் உள்ள வைஃபை, முதலில் ஒரு பக்கத்தைத் திறந்து பெயரும் எண்ணும் பதியச் சொல்லும்; பட்டன் போனின் சிறு திரையில் அந்தப் பக்கம் பல நேரங்களில் திறக்கவே திறக்காது. சில தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் தங்கள் வைஃபையில் இந்த மறைகுறிப் பாதைக்குத் தேவையான 500, 4500 எண் போர்ட்டுகளை (இணையத் தரவு சென்றுவரும் வாயில்களை) அடைத்து வைத்திருக்கும். அங்கே இணையம் இருக்கும், வைஃபை அழைப்பு இருக்காது. இன்னொன்று, உற்பத்திக் கூடத்துக்குள் கேமரா உள்ள போனை விடமாட்டார்கள் என்றால், பட்டன் போனாயிற்றே என்று எண்ணிவிடாதீர்கள், அதன் முதுகிலும் ஒரு சின்னக் கண் இருக்கிறது.

அவசர அழைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 999-ஐ வைஃபை வழியாக அழைக்க நேர்ந்தால், எந்தக் கோபுரத்தின் அருகில் இருக்கிறீர்கள் என்ற குறிப்பு கிடைக்காமல் போகலாம். சாலை, கட்டடம், மாடி, கதவு எண் ஆகியவற்றை நீங்களே தெளிவாகச் சொல்ல வேண்டும். முகவரியை மலாயில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. பட்டன் போன் மட்டும் போதும் என்று ஏன் சொல்ல மாட்டேன் என்றால், இங்கே வேலை நேரப் பட்டியல், வாடகை, விடுதிப் பொறுப்பாளரின் அறிவிப்பு எல்லாமே வாட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன. ‘குழுவில் போட்டேனே’ என்று மேற்பார்வையாளர் சொல்லும்போது, எனக்குப் போனில் வாட்ஸ்அப் இல்லை என்ற பதில் ஒருமுறைதான் எடுபடும். கைஓஎஸ் என்னும் இயங்குதளத்தில் ஓடும் பட்டன் போன்களில் முன்பு வாட்ஸ்அப் இருந்தது. 2024 ஜூனுக்குப் பிறகு அதைப் புதிதாக இறக்கிக்கொள்ள முடியவில்லை, 2025 தொடக்கத்தில் பழையவர்களுக்கும் நின்றுபோனது. விளம்பரத்தில் ‘வாட்ஸ்அப் உண்டு’ என்று பழைய வரி இருந்தால் நம்ப வேண்டாம். அடுத்தது வங்கி. குறுஞ்செய்தி ஓடிபியை விட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறும்படி மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-இல் வங்கிகளைக் கேட்டுக்கொண்ட பிறகு, பணம் மாற்றினால் வங்கிச் செயலியிலேயே ஒப்புதல் தர வேண்டியிருக்கிறது. செயலி ஏறாத போனை மட்டும் வைத்துக்கொண்டு பணம் மாற்றுவது சிரமம். கடைகளிலும் இரவுச் சந்தைகளிலும் கியூஆர் குறியைக் காட்டுகிறார்கள் என்றாலும், ரொக்கம் இன்னும் செல்லும். பேருந்துக்கும் பட்டர்வொர்த் படகுக்கும் பணம் ஏற்றி வைக்கும் டச் என் கோ அட்டை போதும், அதற்குப் போனே வேண்டாம்.

நான் இப்போது கடைப்பிடிக்கும் ஏற்பாடு இது. மலேசிய சிம் பட்டன் போனில் இருக்கிறது, அது சட்டைப் பையில் இருக்கிறது. சிம் இல்லாத பழைய ஸ்மார்ட்போன் ஒன்று வீட்டு அலமாரியில், வைஃபையில் மட்டும் இயங்குகிறது. அதில் வாட்ஸ்அப்பை மலேசிய எண்ணிலேயே பதிந்திருக்கிறேன். பதியும்போது வரும் ஆறு இலக்க எண் பட்டன் போனுக்குக் குறுஞ்செய்தியாக வந்தது, பார்த்து அங்கே அழுத்தினேன், முடிந்தது. வங்கிச் செயலியும் அதில்தான். காலையில் பசியாறும் முன் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் திறந்து பார்ப்பேன். வெளியில் அவசரமாகத் தேவைப்படும் நாளில் அதையும் எடுத்துச் சென்று, பட்டன் போனிலிருந்தே ஹாட்ஸ்பாட் வழியாக இணையம் கொடுத்துக்கொள்வேன். உறக்கத்தை விழுங்குகிறது என்று எழுதினீர்களே, அந்தச் சிக்கலுக்கு இது பெருமளவு தீர்வாகும், ஏனென்றால் இரவுப் பணி முடிந்து பேருந்தில் வரும்போது பார்ப்பதற்குக் கையில் எதுவும் இருக்காது. முதல் மாதம் சலிப்பாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே தங்கைக்கு உங்கள் போனைக் கொடுங்கள், ஆனால் மலிவான ஒரு பழைய ஸ்மார்ட்போனைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்திய சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஊர் வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். 90 நாள் பயன்பாடில்லாமல் கிடந்தால் எண்ணை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். புறப்படும் முன்பே ரோமிங்கில் குறுஞ்செய்தி வருமா என்றும், வெளிநாட்டு வைஃபையில் அந்த சிம்மின் வைஃபை அழைப்பு இயங்குமா, இயங்கினால் என்ன கட்டணம் என்றும் கேட்டு வாருங்கள், நிறுவனத்துக்கு நிறுவனமும் திட்டத்துக்குத் திட்டமும் இது மாறுகிறது. உங்கள் திட்டத்தில் அது அனுமதிக்கப்பட்டிருந்தால், நீங்கள் ஊரிலேயே இருப்பதைப் போல அம்மாவோடு பேசும் வாய்ப்பு உண்டு. யுபிஐ பயன்படுத்துபவராக இருந்தால் இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: செயலியைப் பதிவு செய்யும்போது அதே போனிலிருந்து குறுஞ்செய்தி போக வேண்டும் என்பதால், இந்திய சிம் அலமாரியிலுள்ள ஸ்மார்ட்போனில்தான் இருக்க வேண்டும், பட்டன் போனில் அல்ல.

மோசடியைப் பொறுத்தவரை பட்டன் போன் பாதிக் காவல்தான். வீடு சுத்தம் செய்யும் சேவை, மலிவுப் பொருள் என்று சொல்லி ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி, அதை நிறுவியவரின் கணக்கைத் துடைத்தெடுக்கும் கூட்டம் இங்கே அதிகம். அந்தக் கோப்பு பட்டன் போனில் ஏறாது. ஆனால் காவல் நிலையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது என்று மிரட்டும் அழைப்பு எந்தப் போனுக்கும் வரும், புதிதாக வந்தவர்கள் வேலை அனுமதி போய்விடுமோ என்று பயந்து பணத்தை மாற்றிவிடுகிறார்கள். அப்படி அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் உங்கள் வங்கியையும் 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு எண்ணையும் அழையுங்கள்.

மின்கலம் நான்கு நாள் நிற்கும் என்று யாராவது சொன்னால், வைஃபையை அணைத்து வைத்தால் நிற்கும் என்று பொருள்; எப்போதும் இயக்கி வைத்திருக்கும் என் போனுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை மின்னேற்றுகிறேன். இங்குள்ள சுவர்த் துளைகள் மூன்று செவ்வகக் கால்கள் கொண்ட செருகிக்கானவை, நம் ஊர் உருண்டைக் கால் செருகி நுழையாது. மாற்றுச் செருகி ஒன்றைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். வருவதற்கு முன் உங்கள் விடுதிப் பொறுப்பாளரிடம் அங்கே வைஃபை உண்டா, கடவுச்சொல் மட்டும் போதுமா அல்லது பக்கம் திறந்து பதிய வேண்டுமா, உங்களுக்கு ஒதுக்கப்பட்ட அறை வரை அது எட்டுகிறதா என்ற மூன்றையும் கேட்டு எழுதுங்கள். பதில் வந்தபின், பட்டன் போன் வாங்குவதா, அந்தக் காசைச் சிம்முக்கே வைத்துக்கொள்வதா என்று பார்ப்போம்.