கியூஎமு (QEMU, கணினிக்குள் இன்னொரு கணினியைப் பாவனை செய்து ஓட்டும் மென்பொருள்) ஆவணத்தைப் புதியவர்களுக்கு எப்படி எளிதாக்கலாம்?

முதல் பக்கத்திலேயே எல்லா ஆப்ஷன்களையும் கொட்டாதீர்கள். காப்பி செய்து ஓட்டினால் ஒரு லினக்ஸ் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் வட்டு ஒரே கோப்பாக) பூட் ஆக வேண்டும். அப்படி ஒரே ஒரு கட்டளை போதும். அதில் எந்த ஆப்ஷன் எதற்கு என்று கீழே ஒரு வரி எழுதுங்கள்.

முக்கியமாக, விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். ராம் அளவு கொடுக்காவிட்டால் பிசி வகை எந்திரத்துக்கு வெறும் 128 எம்பிதான் கிடைக்கும். இன்றைய இன்ஸ்டாலர்கள் பெரும்பாலும் அதில் பாதியிலேயே படுத்துவிடும், புதியவரோ ஐஎஸ்ஓ கெட்டுவிட்டது என்று நினைப்பார். கேவிஎம் (KVM, நிஜ சிபியுவையே நேரடியாகப் பயன்படுத்தும் லினக்ஸ் வசதி) கேட்காவிட்டால் சிபியுவையே மென்பொருள்தான் பாவனை செய்யும், ஆமை வேகம்தான்.

அப்புறம், கியூஎமு விண்டோவுக்குள் மாட்டிய மவுஸை மீட்க கன்ட்ரோல், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். இதையும் அந்தக் கட்டளைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். மாட்டிக்கொண்டபின் தேடவும் மவுஸ் இருக்காது!