மீற்றருக்கு எல்.ஈ.டி பல்ப் போடலாம், சார்ஜ் லைற்றை மட்டும் தொடாதீர்கள்

கேள்வி: என்னிடம் ஒரு டொயோட்டா ஹையேஸ் டொல்பின் வான் இருக்கிறது. சாவகச்சேரியிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஓட்டம் போகிறேன், அநேகமாக இரவில்தான். மீற்றர் லைற் மங்கிப்போய் வேகமுள்ளும் டீசல் முள்ளும் சரியாகத் தெரிவதில்லை. நீல எல்.ஈ.டி பல்ப் போட்டால் பளிச்சென்று இருக்கும் என்று கடையில் சொல்கிறார்கள். மீற்றரில் உள்ள பல்ப் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுவோம் என்கிறான் மருமகன். நானே கழற்றி மாற்றலாமா? பற்றரிக்கோ வயரிங்குக்கோ ஏதும் பாதிப்பு வருமா?

பதில்: மாற்றலாம், நீங்களே மாற்றலாம். வயரிங்குக்குக் கெடுதல் இல்லை, அதன் சுமை குறையத்தான் செய்யும். ஆனால் நீலம் வேண்டாம், எல்லா பல்ப்பையும் மாற்றவும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. உங்கள் மருமகனும் வாசிக்கட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் லைற் ஏன் மங்கியது என்று பாருங்கள். என்னிடம் இந்தக் குறையோடு வரும் வான்களில் மீற்றரைக் கழற்றி பல்ப்பை வெளியே எடுத்தால், அதன் கண்ணாடி புகை பிடித்த லாம்புச் சிமினி மாதிரிக் கறுத்திருக்கும். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை சூட்டில் மெல்ல மெல்ல ஆவியாகிக் கண்ணாடியில் படிவதால் வரும் கறுப்பு அது. பல்ப் எரியும், ஆனால் பாதி வெளிச்சம்கூட வெளியே வராது. அடுத்தது ஹோல்டர். பல்ப்பைப் பிடிக்கும் செம்புத் தகடு எங்கள் உப்புக்காற்றில் பச்சை பிடித்துவிடும். பிள்ளைகளின் அழிறப்பரால் நாலு தரம் தேய்த்தால் பளபளவென்று வந்துவிடும். அதற்கு உப்புத்தாள் போடாதீர்கள், மேற்பூச்சு போய்விடும். மூன்றாவது தூசு. வலிகாமப் பக்கத்து வாகனம் என்றால் மீற்றர் கண்ணாடியின் உட்பக்கத்தில் செம்மண் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும், உங்கள் தென்மராட்சி என்றால் மணல் தூசு. மீற்றர் பெட்டிக்குள் அடித்திருக்கும் வெள்ளைப் பூச்சும் பழசானால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறிவிடும். ஒளியைத் தெறித்து முகப்புக்கு அனுப்புவது அந்தப் பூச்சுத்தான்.

இவற்றைத் துடைத்து, புது இழை பல்ப் போட்டாலே பல வான்களில் குறை தீர்ந்துவிடும். அதற்கு மேலும் எல்.ஈ.டி வேண்டும் என்றால் போடுங்கள். சூடு குறைவு, நெடுநாள் உழைக்கும் என்பதற்காகவே அது நல்லது. பழைய மீற்றர்களில் பல்ப் சூட்டில் ஹோல்டர் பிளாஸ்ரிக் நொறுங்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். எல்.ஈ.டி போட்டால் அந்தச் சூடு இல்லை.

இனி நிறம். நான் முதன்முதல் எல்.ஈ.டி போட்டது என் சொந்த வானில், அதுவும் நீலம். கராஜில் நிறுத்தி வைத்துப் பார்த்தபோது ஆசையாகத்தான் இருந்தது. அந்தக் கிழமையே கொழும்பு ஓட்டம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு ஏறியதும், முன் கண்ணாடியில் நீலப் புகை மாதிரி ஒரு தெறிப்பு. வெளிச்சமில்லாத நீண்ட வீதி. மாங்குளத்துக்குக் கிட்ட, தார் ரோட்டின் சூட்டுக்குப் படுத்திருந்த மாடுகளை மிக அருகில் வந்த பிறகுதான் கண்டேன். பிரேக் பிடித்தது, வான் நின்றது. பின்னால் பிள்ளைகள் நித்திரை. வீடு திரும்பிய அன்றே அந்தப் பல்ப்புகளைக் கழற்றினேன்.

நடந்தது இதுதான். இருட்டில் பார்ப்பதற்கென்று எங்கள் கண்ணில் தனிக் கலங்கள் இருக்கின்றன. அவை முழுதாகப் பழகி வர 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். நீலப் பக்கத்து ஒளிக்கு அவை மிகவும் கூசும், சிவப்புப் பக்கத்து ஒளியை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. மீற்றரில் நீலம் எரிந்தால், ஒவ்வொரு தரம் வேகமுள்ளைப் பார்க்கும்போதும் பழகிய கண் கொஞ்சம் கெடுகிறது. வயது ஏற ஏறக் கண்வில்லைக்குள் நீல ஒளி கூடுதலாகச் சிதறும், ஆகவே நாற்பது ஐம்பதைத் தாண்டிய சாரதிக்குத் தொல்லை இன்னும் கூட. பால் வெள்ளை எல்.ஈ.டியும் இதற்குத் தப்பவில்லை. அதன் உள்ளே இருப்பது நீலமாக எரியும் ஒரு சின்னச் சில்லு (சிப்). அதன்மேல் பூசிய மஞ்சள் பொடிதான் நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக்கி, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிய வைக்கிறது. 2014 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கொடுத்தது இந்த நீலச் சில்லுக்குத்தான்.

ஆகவே கடையில் 'வோம் வைற்' என்று கேளுங்கள், உறையில் ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண் 3000 கெல்வின் அளவில் போட்டிருக்கும். பழைய பல்ப்பின் மஞ்சள் வெளிச்சத்துக்குக் கிட்ட வரும். உங்கள் மீற்றர் பச்சையாக எரிகிறது என்றால், பல்ப்புக்குப் பச்சை றப்பர் தொப்பி போட்டிருக்கிறதா, முகப்புத் தாளின் பின்பக்கத்தில் பச்சை பூசியிருக்கிறதா என்று பாருங்கள். தொப்பி என்றால் கழற்றிவிடலாம். பூச்சு என்றால் வோம் வைற்றோ பச்சை எல்.ஈ.டியோ போடுங்கள். பச்சைப் பூச்சுக்குப் பின்னால் சிவப்பு எல்.ஈ.டி போட்டால் ஒன்றும் தெரியாது, பச்சை வடிகட்டி சிவப்பை வெளியே விடாது.

தரத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. மலிவான பல்ப்பில் மூன்று சில்லுகளைத் தொடராகக் கோர்த்து, கரண்டை மட்டுப்படுத்த ஒரு தடை (றெசிஸ்ரர்) வைத்திருப்பார்கள். ஒரு சில்லுக்கு 3.2 வோல்ட் என்றால் மூன்றுக்கும் 9.6. பற்றரி 12 வோல்ட்டில் நிற்கும்போது தடைக்கு மிஞ்சுவது 2.4 வோல்ட். எஞ்சின் ஓடத் தொடங்கி சார்ஜ் 14.4 வோல்ட்டுக்கு ஏறினால் தடையில் விழுவது 4.8 வோல்ட். பற்றரி ஏறியது ஐந்தில் ஒரு பங்கு, ஆனால் தடையில் விழும் வோல்ட்டோடு சேர்ந்து சில்லில் ஓடும் கரண்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு! பளிச்சென்று எரிந்த பல்ப் மூன்று மாதத்தில் மின்மினிப் பூச்சி மாதிரிச் சிமிட்டத் தொடங்குவது இதனால்தான். 'கொன்ஸ்ரன்ற் கரண்ட்' என்று எழுதிய பல்ப்பில் கரண்டைக் கட்டுப்படுத்தும் சிறு சில்லு உள்ளே இருக்கும். விலை கூட, ஆனால் கொடுக்கலாம். மீற்றரைக் கழற்றிப் பூட்டும் வேலையை வருஷத்துக்கு இரண்டு தரம் செய்ய யாருக்கும் விருப்பம் இருக்காது.

வடிவத்தையும் கவனிக்க வேண்டும். இழை பல்ப் நாலா பக்கமும் எரியும், எல்.ஈ.டி முகம் பார்த்த பக்கம் மட்டும் எரியும். தலையில் மட்டும் சில்லு உள்ளதை வாங்கிப் போட்டால் முகப்பில் ஓரிடம் வெள்ளைப் புள்ளியாகவும் 60, 80 எழுதிய இடம் இருட்டாகவும் கிடக்கும். சுற்றிவரச் சில்லு வைத்ததை வாங்குங்கள். அளவு பெரும்பாலும் டி10 ஆகவோ டி5 ஆகவோ இருக்கும். ஒரே மீற்றருக்குள் இரண்டும் கலந்து இருப்பதும் உண்டு. முதலில் கழற்றி, பழைய பல்ப்பைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

கழற்றும் முறை கஷ்டமில்லை. பற்றரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றிவிடுங்கள். மீற்றரைச் சுற்றியுள்ள மூடியின் ஸ்குரூ ஆணிகளை எடுத்த பிறகு மீற்றரை உங்கள் பக்கம் கொஞ்சமாக இழுங்கள். பலமாக இழுக்க வேண்டாம், பின்னால் வேகமுள்ளின் கேபிள் பிடித்திருக்கும். கையை உள்ளே விட்டு அதன் கொழுக்கியை அழுத்தினால் கழன்று வரும். பின்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்ரிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடுவதைக் காண்பீர்கள். மீற்றரின் வயரிங் அதுதான். பழைய வானில் அந்தத் தாள் சருகு மாதிரி ஆகியிருக்கும். ஹோல்டரைக் குறட்டால் திருகினால் செம்பும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். விரலால் மெதுவாக, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் போதும். முகப்பைத் திறந்து துடைக்கும்போது முள்ளில் கை படக்கூடாது. முள் ஓர் இழை நகர்ந்தாலும் பிறகு காட்டும் வேகம் எல்லாம் பிழை.

எல்.ஈ.டிக்குப் பிளஸ் மைனஸ் உண்டு, ஆகவே பூட்டுமுன் சோதியுங்கள். மீற்றரை வயரோடு இணைத்து, பற்றரியைக் கொடுத்து, பார்க் லைற்றைப் போட்டுப் பாருங்கள். எரியாததைப் பிடுங்கித் திருப்பிச் செருகினால் எரியும். யாழ்ப்பாணத்தில் இன்னும் மொறிஸ் மைனரையும் பழைய ஒஸ்ரினையும் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. அவற்றில் பல, வாகனத்தின் இரும்பு உடலோடு பற்றரியின் பிளஸ்ஸை இணைத்து வந்தவை, அவற்றின் மீற்றர் பல்ப்பும் திருகிப் போடுவது. திருகும் பல்ப்பைத் திருப்பிப் போட வழியில்லை. எந்தப் பக்கம் கரண்ட் வந்தாலும் எரியும் வகை எல்.ஈ.டி என்று கேட்டு வாங்க வேண்டும்.

டிம்மர் பற்றிப் பலர் பிறகு வந்து கேட்பார்கள்: "எல்.ஈ.டி போட்டதிலிருந்து டிம்மரைத் திருப்பினாலும் வெளிச்சம் குறையவில்லை." பழைய டிம்மர் ஒரு கம்பித் தடை. 3.4 வாட் பல்ப் ஐந்து என்றால் அதனூடாக 1.4 அம்பியர் ஓடும், தடையில் நல்ல அளவு வோல்ட் விழும், பல்ப் மங்கும். ஐந்து எல்.ஈ.டிக்கு 0.1 அம்பியர்தான். 10 ஓம் தடையில் அப்போது விழுவது வெறும் 1 வோல்ட். அதே டிம்மரில் தொங்கும் வேறொரு பல்ப்பை, ஏசி சுவிச்சுக்குப் பின்னால் இருப்பதைப் போல ஒன்றை, மாற்றாமல் இழை பல்ப்பாகவே விட்டுவிடுங்கள். அது இழுக்கும் கரண்டால் டிம்மருக்கு உயிர் வரும். இரவு ஓட்டத்துக்கு டிம்மர் கட்டாயம் வேலை செய்ய வேண்டும்.

இப்போது சார்ஜ் லைற். திறப்பைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணையும் அந்தச் சிவப்புப் பற்றரிப் படம். உங்கள் மருமகன் சொல்வதுபோல எல்லாவற்றையும் மாற்றும் பிழையை நானும் ஒரு காலத்தில் செய்தேன். ஒருவரின் காரில் மீற்றர் முழுக்க எல்.ஈ.டி போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் கார் ஸ்ரார்ட் எடுக்கவில்லை. பற்றரி செத்துக் கிடந்தது. அவர் ஊருக்குள் மெதுவாக ஓடுகிறவர், சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வருகிறவர். எஞ்சின் ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டனேற்றர் வேலை செய்யவே தொடங்கியிருக்கவில்லை.

ஆல்டனேற்றருக்குள் சுழலும் காந்தம் மின்காந்தம். முதலில் வெளியே இருந்து கொஞ்சம் கரண்ட் கொடுத்தால்தான் அது காந்தமாகும், பிறகு தன் கரண்டில் தானே ஓடும். பல வாகனங்களில் அந்த முதல் கரண்ட் போவது சார்ஜ் லைற் பல்ப்பின் வழியாக. 3 வாட் பல்ப் என்றால் கால் அம்பியர் போகும். எல்.ஈ.டி வழியாகப் போவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சினை உறுமவிட்டால் சிலவேளை எழும்பும், மெதுவாக ஓடினால் எழும்பாது. எழும்பவில்லை என்று சொல்ல வேண்டிய லைற்றும் ஒழுங்காகச் சொல்லாது. ஆல்டனேற்றருக்குத் தனி வயரில் கரண்ட் போகும் வாகனங்களில் இந்தச் சிக்கல் வராமல் போகலாம். ஆனால் ஒரு பல்ப்புக்காக அதைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. எல்.ஈ.டிதான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு 68 ஓம், 5 வாட் தடையை அதற்குப் பக்கத்தில் இணைத்துக் கொடுக்கிறேன். உங்களுக்கு அதைக்கூட நான் சொல்லமாட்டேன். ஒயில் லைற், டீசல் எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணமுன் சூடாக்கும்போது எரியும் கொயில் லைற், ஹை பீம் லைற் எல்லாம் சில நொடி எரிந்து அணைபவை, அல்லது தேவைக்கு எரிபவை. அவற்றில் எல்.ஈ.டியால் கிடைக்கும் இலாபம் ஒன்றும் இல்லை, பழையபடியே இருக்கட்டும்.

சிக்னல் வேகமாக அடிக்கத் தொடங்குமோ என்றும் சிலர் பயப்படுவார்கள். மீற்றரில் உள்ள சின்ன பல்ப்பை மாற்றினால் அப்படி வராது. வெளியே எரியும் 21 வாட் பல்ப்பை எல்.ஈ.டி ஆக்கினால்தான் அந்தக் கூத்து.

வேலை முடிந்து பூட்டியதும் இறங்கிப் போய் வானின் பின்பக்கத்தைப் பாருங்கள். பல வாகனங்களில் மீற்றர் லைற்றும் பின் லைற்றும் ஒரே பியூஸில் இருக்கும். வேலை செய்யும்போது எங்காவது ஷோர்ட் ஆகி பியூஸ் போயிருந்தால், ஹெட் லைற் எரியும், நீங்கள் ஒன்றும் தெரியாமல் ஓடுவீர்கள், பின்னால் வரும் லொறிக்காரனுக்கு உங்கள் வான் இருட்டு. போன பியூஸுக்குப் பதில் அதே அம்பியர் உள்ளதைப் போடுங்கள், வெள்ளித்தாள் சுற்ற வேண்டாம்.

முதல் இரண்டு இரவு ஊருக்குள் ஓடிப் பார்த்துவிட்டுக் கட்டுநாயக்கா ஓட்டம் எடுங்கள். கழற்றிய இழை பல்ப்புகளில் கறுக்காதவற்றைத் துணியில் சுற்றி, டாஷ்போட் பெட்டிக்குள் வையுங்கள். புத்தளம் பக்கம் நடுச்சாமத்தில் ஓர் எல்.ஈ.டி சிமிட்டத் தொடங்கினால், விடிந்ததும் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பழசைச் செருகிக்கொண்டு ஊர் வந்து சேரலாம்.