லாக்ஸ்டன் கிராமத்தில் வயல்களுக்கு வேலியே இல்லையாமே, ஏன்?

லாக்ஸ்டன், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள சின்ன ஊர். அங்கே மூன்று பெரிய வயல்வெளிகள். ஒவ்வொன்றும் நீளநீளமான துண்டுகளாகப் பல விவசாயிகளிடம் இருக்கிறது. நடுவில் வேலி கிடையாது. இதற்குப் பெயர்தான் திறந்தவெளி வயல் முறை.

ஏன் இப்படி? இடைக்காலத்தில் நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோருக்கும் கலந்து கிடைக்க இதுவே வழி. ஒரு வெளியில் கோதுமை, அடுத்ததில் வசந்தகால விதைப்பு, மூன்றாவது தரிசு. தரிசில் ஊர் மாடுகள் மேயும். வேலி போட்டால் மேய்ச்சல் கெடும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மற்ற பல ஊர்கள் சட்டப்படி வேலியிட்டுக்கொண்டன, லாக்ஸ்டன் தப்பியது. 1635இல் வரைந்த வரைபடத்தில் ஒவ்வொரு துண்டும் இருக்கிறது.

அபார்ட்மெண்ட் பார்க்கிங்கை நினைத்துப் பாருங்கள். சுவர் இல்லை, கோடுதான், தாண்டினால் சண்டை. இங்கே சண்டைக்குப் பதில் நடுவர் குழு. நவம்பர் கடைசியில் வயலுக்குப் போய், எல்லையில் மரமுளை அடிப்பார்கள். பாதையைச் சேர்த்து ஒரு சால் கூடுதலாக உழுதவருக்கு ஊர் நீதிமன்றத்தில் அபராதம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம், வேலி இல்லாததால் நிலம் ஊர்ப் பொது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஒவ்வொரு துண்டையும் உழ உரிமையுள்ளவர் யார் என்பதற்குக் கணக்கு உண்டு.