குருக்களின் விரலைப் பாருங்கள்: போட்டோ கேள்விகளும் பதில்களும்

தைப்பூசக் காவடித் திருவிழா நெருங்கினாலே மொரீசியஸில் அலமாரிக்குள் இருந்த கேமராக்கள் எல்லாம் வெளியே வந்துவிடும். கேள்விகளும் கூடவே வரும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "நான் அழுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது." புது லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டவர்களின் கடிதத்தையும் முழுசாகப் படித்தால் உள்ளே இருப்பது அதே சங்கதிதான். லென்ஸ் இப்போதைக்கு வேண்டாம். மற்றதைப் பார்ப்போம்.

தம்பி கல்யாணத்தில் தாலி கட்டும்போது எடுத்த படத்தில் யாரோ ஒருவரின் முழங்கையும் பறக்கும் அட்சதையும்தான் இருக்கின்றன. அடுத்த மாதம் சித்தப்பா மகள் கல்யாணம், அதற்கும் என்னைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்ய, அண்ணா? (ரோஸ் ஹில் வாசகி)

முதலில், மாப்பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அது அசைந்த பிறகு நீங்கள் அசைந்தால் பிந்திவிட்டது என்று அர்த்தம். குருக்களைப் பாருங்கள். தாலி வைத்த தட்டு சபையில் ஆசி வாங்கப் போகும் இல்லையா, அது மேடைக்குத் திரும்பி வருகிறது என்றால் உங்களுக்கு முதல் மணி அடித்தாயிற்று. அப்போதே போய் இடம் பிடித்துவிடுங்கள். குருக்கள் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, மேளக்காரர் பக்கம் திரும்பி விரலை உயர்த்தி ஆட்டுவார். அதுதான் கணக்கு. கெட்டி மேளம் காதில் விழும் முன்பே உங்கள் விரல் பொத்தானைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் பிடித்துத் தயாராக இருக்க வேண்டும். இப்போதெல்லாம் பல இடங்களில் மேளமும் ஒலிப்பதிவுதானே. அதை ஓடவிடுகிறவர் எங்கேயாவது வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார், முதல் முடிச்சு விழுந்த பிறகுதான் நாதஸ்வரம் வரும். ஆகையால் காதை நம்ப வேண்டாம்.

எங்கே நிற்பது? நேர் எதிரே நின்றால் மாப்பிள்ளையின் கை பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே வரும். பெண்ணின் பக்கமாகக் கொஞ்சம் சாய்வாக, அவர் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கே குனிந்து நில்லுங்கள். பின்னால் நாத்தனார் வருவதற்கும் வழி விட்டு வையுங்கள். மேளம் கொட்டியதும் சபை முழுக்க எழுந்துவிடும். அதற்குப் பிறகு இடம் தேடிப் பயனில்லை.

அடுத்தது ஃபிளாஷ். முழு பலத்தில் ஒரு தடவை மின்னினால், மறுபடி சார்ஜ் ஏற இரண்டு மூன்று நொடி பிடிக்கும். தாலி கட்டும்போது அந்த இரண்டு நொடி ஒரு யுகம். ஃபிளாஷ் பலத்தை 1/8க்கு இறக்கி, ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமரா ஒளியை உணரும் அளவை, 1600க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். அப்போது தொடர்ந்து சில படங்களுக்குத் தாங்கும்.

முதல் முடிச்சில் அட்சதை கைகளை விட்டுக் கிளம்பும், ஆனால் இன்னும் முகத்தை மறைத்திருக்காது. அதில் ஒன்று, இரண்டு எடுங்கள். அப்புறம் கேமராவை இறக்கிவிடாதீர்கள். குனிந்திருந்த பெண் முடிச்சு முடிந்ததும் தலையை நிமிர்த்துவார். நெற்றியில் இரண்டு அரிசி ஒட்டியிருக்கும், கண் யாரையோ தேடும், பெரும்பாலும் அம்மாவை. அந்த நேரத்தில் மற்ற எல்லாரும் தாங்கள் எடுத்த படம் சரியாக வந்ததா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தாலி கட்டும் படத்தைவிட இதுதான் பிடிக்கும்.

குற்றம் என் போனிலா, என் விரலிலா? (கத்ரு போர்ன் கல்லூரி மாணவர்)

பெரும்பாலும் விரலில். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்குள் சுமார் கால் நொடி போய்விடும். எல்லா மனிதருக்கும் அப்படித்தான். இப்போதைய போன்கள் பலவும் கேமரா திறந்திருக்கும்போதே காட்சிகளை நினைவில் ஓட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் தொட்ட கணத்துக் காட்சியை அதிலிருந்து எடுத்துத் தரும். ஆனால் இருட்டில் நைட் மோட் விழித்துக்கொண்டால், பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்க ஒரு நொடி, அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். ஆடுகிற பிள்ளை அதில் புகையாகத்தான் வரும். நடமாட்டம் இருந்தால் நைட் மோடை அணைத்துவிடுங்கள். ஐபோன் வைத்திருந்தால் லைவ் போட்டோவை ஆன் செய்து வையுங்கள். அழுத்துவதற்கு ஒன்றரை நொடி முன்னும் பின்னும் பதிவாகியிருக்கும், தரம் கொஞ்சம் குறைந்தாலும் வேண்டிய கணத்தைப் பிறகு தேர்ந்துகொள்ளலாம்.

கண்ணாடி வைத்த பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்காரர்களுக்கு ஒரு வேடிக்கை. படம் பதியும் கணத்தில் கண்ணாடி மேலே எழும்பி வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். 'ஆகா, பார்த்தேன்!' என்று நீங்கள் சொன்னால் அது படத்தில் இல்லை.

நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் பர்ஸ்ட் இருந்தாலும் இரண்டு படங்களுக்கு நடுவே ஏறக்குறைய 1/10 நொடி இடைவெளி உண்டு. கிரிக்கெட் மட்டையில் பந்து படுவது அந்த இடைவெளியில் காணாமல் போய்விடும்.

காவடி கோவிலை அடைவதற்குள் மதியம் ஆகிவிடுகிறது. முகமெல்லாம் கறுப்பு, கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழி. சரிசெய்ய வழி உண்டா? (போர்ட் லூயிஸ் வாசகர்)

நம் தீவு தென் அட்சரேகை 20 பாகையில் இருக்கிறது. ஜனவரி 20ஐ ஒட்டி, பகல் 12.20 மணி வாக்கில், போர்ட் லூயிஸில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். தைப்பூசம் விழுவது இந்த நாட்களிலோ இதற்குச் சில வாரம் தள்ளியோதான். வெயில் செங்குத்தாக இறங்கும்போது காவடியின் வளைவும் பூவும் ஓலையும் தூக்குகிறவரின் முகத்தில்தான் நிழல் போடும். எந்த கேமராவாலும் அதை மாற்ற முடியாது.

ஆகவே காலையிலேயே போங்கள். அந்த நாட்களில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். ஆற்றங்கரையில் பூசை, காவடி அலங்காரம், பால் செம்பு கட்டுவது எல்லாம் சாய்ந்த வெயிலில் நடக்கும். முகம் காட்டும் படங்களை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளப் பாருங்கள்.

ஊர்வலம் கிளம்பிவிட்டால், தாளத்தைக் கவனியுங்கள். காவடி ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் திரும்பும் முன், ஊஞ்சல் உச்சியில் நிற்பதுபோல ஒரு கணம் நிற்கும். அங்கே அழுத்தினால் 1/250 நொடியே போதும். இரண்டு மூன்று சுற்று வெறுமனே பார்த்தால் அது எப்போது வரும் என்று உடம்புக்கே தெரிந்துவிடும். இன்னொரு இடமும் உண்டு. தார்ச்சாலை கொதிக்கிறதே என்று வீட்டு வாசல்களில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். வெறுங்காலோடு வருகிறவர் அந்த ஈரத்தில் முதல் அடி வைக்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், அலகு குத்திய முகம் அவ்வளவாக எதையும் காட்டாது. தோளைப் பாருங்கள், சட்டென்று ஒரு விரற்கடை இறங்கும்.

கடைசியாகக் கோவில் வாசல். காவடியோடு குனிந்து உள்ளே நுழைகிறவர் நேர் வெயிலில் இருந்து நிழலுக்கு வருகிறார். நீங்கள் உள்ளே நின்று வெளிப்பக்கம் பார்த்து எடுக்காமல், வாசலுக்குப் பக்கவாட்டில் நின்றால் திறந்த வெளியின் மென்மையான வெளிச்சம் முகத்தில் விழும். நம் ஊர்க் காவடியின் அந்த ரோஸ் துணி முகத்துக்கும் சாயம் பூசிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறத்தைச் சமன் செய்யும் அமைப்பை, தானாக விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். பகல் வெளிச்சம் என்று நிலையாக வைத்துவிடுங்கள்.

அலகு குத்தும்போது படம் எடுக்கலாமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

கேட்டுவிட்டு எடுங்கள். வாயில் அலகு ஏறிய பிறகு கேட்டால் அவர் எப்படிப் பதில் சொல்வார்? பத்து நாள் விரதம் இருக்கிறாரே, அதில் ஒரு மாலை கோவிலில் பார்த்துக் கேட்டால் போதும். ஃபிளாஷ் வேண்டாம். குத்துகிறவரின் கைக்கு அருகே போகவும் வேண்டாம்.

பூச நிலாவைக் கோபுரத்தோடு சேர்த்து எடுக்கப் பார்த்தேன். நிலா வெள்ளைப் பொட்டு, கோபுரம் கரி. (திரியோலே வாசகர்)

பௌர்ணமிக்கு முந்தைய நாள் போங்கள். முழுநிலா சூரியன் மறைவதை ஒட்டித்தான் உதிக்கும். அது கோபுர உயரத்துக்கு ஏறுவதற்குள் வானம் இருட்டிவிடும். நிலா நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் பிந்தி உதிப்பதால், முந்தைய நாள் சூரியன் இருக்கும்போதே மேலே வந்திருக்கும். வெயில் பட்ட பாறைதானே நிலா, கோபுரத்திலும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். சூரியன் மறைந்த பின் கிடைப்பது ஏறக்குறைய 20 நிமிடம்தான். கிழக்கே மலை இருந்தால் நிலா அதைத் தாண்டி வர இன்னும் கால் மணி, அரை மணி ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

தை மாத முழுநிலா கிழக்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி உதிக்கும். ஆகவே கோபுரத்துக்கு மேற்கே, கொஞ்சம் தெற்கே ஒதுங்கி நில்லுங்கள், நன்றாகத் தள்ளி. ஒரு மீட்டர் உயரக் கலசமும் நிலாவும் ஒரே அளவில் தெரிய வேண்டுமானால் கலசத்திலிருந்து சுமார் 110 மீட்டர் தூரம் வேண்டும்.

தமிழ்நாட்டு யூடியூபர்கள் நடுப்பகலில் கேமராவையே தொடாதே என்கிறார்கள். இங்கேயும் அப்படித்தானா? (மகேபூர் வாசகி)

ஜனவரியில் ஆம். ஜூனில் இல்லை. ஜூன் கடைசியில் நமக்கு நடுப்பகல் சூரியனே 46 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது, அதுவும் வடக்கு வானில். வடக்குப் பார்த்த சுவர் பகல் முழுக்க வெளிச்சமாக இருக்கும், தெற்குப் பார்த்த வாசல் நிழலில் கிடக்கும். பொன் வெயில் ஒரு மணி நேரம் என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். இங்கே சூரியன் செங்குத்தாக விழுகிறது. நல்ல நிறம் அரை மணி நேரம் இருந்தால் அதிகம்.

ஷாம்ப் த மார்ஸ் பந்தயத் திடலில் குதிரை ஓட்டம் எடுக்க எந்த ஷட்டர் வேகம்? (போ பசேன் வாசகர்)

மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் குதிரை 1/1000 நொடியில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாக நகரும், 1/60 நொடியில் கால் மீட்டருக்கு மேல். அதனால் 1/1000 வைத்தால் குதிரை கல்லாக உறையும். 1/60 வைத்து, குதிரையோடு சேர்த்து கேமராவையும் திருப்பினால் பின்னணி கோடு கோடாக ஓடும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கெடும் படங்கள் அதிகம், சரி, பரவாயில்லை.

1878இல் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கலிஃபோர்னியாவில் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்து எடுத்த படங்கள் ஒன்றைக் காட்டின. ஓடும் குதிரையின் நான்கு காலும் தரையை விட்டு எழுவது கால்களை நீட்டும்போது அல்ல, வயிற்றுக்கு அடியில் மடக்கும்போது. அதற்கு முன் ஓவியர்கள் நீட்டி நீட்டித்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். 1812இலிருந்து பந்தயம் நடக்கும் திடல் நம் ஊரிலேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள். வெற்றிக் கோட்டருகே கூட்டம் நெரியும். வளைவில் நின்றால் குதிரைகள் உங்களை நோக்கித் திரும்பும் இடம் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் புல்லில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

கரும்புப் பூ எப்போது? (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

மே முதல் ஜூலை வரை. மாலையின் கடைசி அரை மணி நேரம், சூரியன் பூவுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றால் வெள்ளியாக மின்னும். ஜூனிலிருந்து வெட்டு தொடங்கிவிடும், பார்த்து வைத்த தோட்டம் அடுத்த வாரம் மொட்டையாக நிற்கலாம். அன்றே எடுத்துவிடுங்கள்.

க்ரி க்ரியில் அலை பாறையில் மோதித் தெறிப்பதை எடுக்க வேண்டும். (சுய்யாக் வாசகர்)

பெரிய அலைகள் தனியாக வராது, கூட்டமாக வரும். கேமராவைத் திறக்காமல் பத்து நிமிடம் பார்த்தால், எத்தனை சின்ன அலைக்குப் பிறகு பெரியவை வருகின்றன என்று ஒருமாதிரி பிடிபடும். தெறிப்பு உச்சிக்குப் போய் விழத் தொடங்கும் முன் அழுத்துங்கள், 1/1000. அங்கே கடலைத் தடுக்கப் பவளப் பாறைத்திட்டு இல்லை, அதனால் கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். லென்ஸ் துடைக்க இரண்டு துணி எடுத்துப் போங்கள். முதல் துணி சீக்கிரமே உப்பாகிவிடும்.