டெஸ்ட்ல பாக்டீரியாவோட ஜீன் மாறல, நான் சாப்பிடலாமா?

கேள்வி: சார், என் நாத்தனார் ஒரு மூலிகை சப்ளிமென்ட் மாத்திரை விக்கிறாங்க. நோட்டீஸ்ல "ஏம்ஸ் டெஸ்ட் நெகட்டிவ், ஜீன் மாற்றம் வராது"ன்னு போட்டிருக்கு. நாங்க குழந்தைக்கு ட்ரை பண்ணிட்டு இருக்கோம், நம்பி சாப்பிடலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: நெகட்டிவ்னா நல்ல சேதிதாம்மா, ஆனா அந்த டெஸ்ட்ல மாத்திரைய சாப்பிட்டது மனுஷன் இல்ல, சால்மோனெல்லா பாக்டீரியா. 1970கள்ல பெர்க்லி யுனிவர்சிட்டில புரூஸ் ஏம்ஸ் கொண்டுவந்த முறை இது. ஹிஸ்டிடின்ங்கிற அமினோ அமிலத்த சொந்தமா செஞ்சுக்க முடியாதபடி ஜீன் கெட்டுப்போன பாக்டீரியாவ எடுத்து, அந்த ஹிஸ்டிடின் பேருக்கு மட்டும் இருக்கிற தட்டுல சந்தேகப்படுற பொருளோட சேத்து 37 டிகிரில ரெண்டு மூணு நாள் வைப்பாங்க, ஜீன் மறுபடி மாறி ஹிஸ்டிடின சொந்தமா செய்ய ஆரம்பிச்சதுங்க மட்டும் பொழைச்சு புள்ளி புள்ளியா வளந்து நிக்கும், அத எண்ணணும், சும்மா வச்ச தட்டுலயே கொஞ்சம் வரும், அதவிட ரொம்ப கூடுனா பாசிட்டிவ். எலி ஈரல் சாறு கலந்தும் பாப்பாங்க, சில பொருள் ஈரலுக்குள்ள போனப்புறம்தான் விஷமாகும்.

பாசிட்டிவ்னாலும் உடனே பயந்துட வேணாம், வெங்காயத்துல இருக்கிற குவெர்செடின் கூட இதுல பாசிட்டிவ்தான், சாம்பார்ல வெங்காயத்த நிறுத்திட்டோமா என்ன. அதே மாதிரி நெகட்டிவ்ங்கிறதும் முதல் வாசப்படி மட்டும்தான். ஜீன்களத் தாங்குற குரோமோசோம் உடையுறது இதுல தெரியாது, அதுக்கு மைக்ரோநியூக்ளியஸ் டெஸ்ட்னு தனியா இருக்கு. வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆகுமா ஆகாதான்னு ரெண்டுமே சொல்லாது.

எனக்கு பெரிய சந்தேகம் வேற. 1990கள் ஆரம்பத்துல பெல்ஜியத்துல எடை குறைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பல பெண்களுக்கு கிட்னி போச்சு, அப்புறம் சிலருக்கு சிறுநீர்ப் பாதைல கேன்சரும் வந்துச்சு. போட வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலா நம்ம ஊரு ஆடுதீண்டாப்பாளையோட சொந்தக்காரச் செடி ஒண்ணு கலந்திருந்துச்சு, அதுல இருக்கிற அரிஸ்டோலோக்கிக் ஆசிட் ஏம்ஸ் டெஸ்ட்லயே மாட்டுற சரக்கு. லேப்ல டெஸ்ட் பண்ணது ஒண்ணு, டப்பால வர்றது வேறன்னா அந்த நெகட்டிவ வச்சு என்ன பண்றது?

அதனால எந்த மூலிகைச் சாறு, எந்த பேட்ச், எந்த லேப்னு போட்ட முழு ரிப்போர்ட்ட கேளுங்க, டப்பாவ உங்க மகப்பேறு டாக்டர்கிட்ட காட்டுங்க, அதுவரைக்கும் சாப்பிடாதீங்க. டாக்டர் எழுதிக்கொடுத்த ஃபோலிக் ஆசிட்ட மட்டும் விட்டுடாதீங்க. நாத்தனார் கோச்சுக்கிட்டா, நான்தான் கேக்கச் சொன்னேன்னு சொல்லிருங்க.