கியூபாவில் என் கார்டு வேலை செய்யுமா?

கேள்வி: நான் சிங்கப்பூர் குடிமகன். ஒரு மருத்துவக் கருத்தரங்குக்காக ஒரு வாரம் ஹவானா போகிறேன். “கார்டை நம்பாதே, ரொக்கமாகக் கொண்டுபோ” என்கிறார் நண்பர். தடை போட்டது அமெரிக்கா, என் வங்கி சிங்கப்பூரில் இருக்கிறது. எனக்கு ஏன் இந்தச் சிக்கல்?

பதில்: நண்பர் பேச்சைக் கேளுங்கள். அமெரிக்க வங்கிகளின் கார்டு அங்கே செல்லாது. மற்ற நாட்டுக் கார்டுகள் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் கைவிட்டுவிடும்.

1962-ல் அமெரிக்க அதிபர் கென்னடி கியூபா மீது போட்ட வணிகத் தடை காகிதத்தில் அமெரிக்கர்களுக்குத்தான். ஆனால் டாலர் பரிமாற்றம் பெரும்பாலும் நியூயார்க்கில் இருக்கும் வங்கிகள் வழியாகத்தான், அதாவது அமெரிக்கச் சட்டத்தின் பிடிக்குள்தான், போயாக வேண்டும். கியூபா, ஈரான், சூடான் பணத்தைக் கையாண்டதற்காக 2014-ல் பிரான்சின் பிஎன்பி பரிபா வங்கி கிட்டத்தட்ட 900 கோடி டாலர் அபராதம் கட்டியது. அதைப் பார்த்த பிறகு எந்த வங்கிக்குத் துணிச்சல் வரும்? சட்டம் தடுக்காத இடத்திலும் பயம் தடுக்கிறது. கப்பல்களுக்கும் இதே கதைதான். கியூபத் துறைமுகத்துக்கு வணிகத்துக்காகப் போன கப்பல், சிறப்பு அனுமதி இல்லாமல் 180 நாட்களுக்கு அமெரிக்காவில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ முடியாது என்கிறது 1992-ம் ஆண்டுச் சட்டம்.

வேடிக்கை என்னவென்றால், ஹவானாவில் விற்கும் கோழிக்கறியில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருவது! 2000-ல் உணவுப் பொருளுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஆனால் கடன் கிடையாது, முன்பணம் கட்ட வேண்டும். டாலருக்கே தட்டுப்பாடுள்ள நாடு முன்பணத்துக்கு எங்கே போகும்?

எல்லாப் பழியையும் தடை மேல் போடவும் முடியாது. 2021 ஜனவரியில் இரண்டு வகைப் பெசோ புழங்கிய இரட்டை நாணய முறையை ஒழித்து, டாலருக்கு 24 பெசோ என்று கியூப அரசு அறிவித்தது. கடைகளில் சரக்கே இல்லாத நேரம் பார்த்துச் செய்த வேலை அது. விலைவாசி எகிறியது. 2022-ல் மக்களிடம் டாலர் வாங்கும் விலையை 120 ஆக்கினார்கள். 2024-ல் தெருவில், அதாவது கள்ளச் சந்தையில், அது 300-ஐத் தாண்டிவிட்டது. சம்பளமும் ஓய்வூதியமும் பெசோவில் வாங்குபவர்கள் நொடித்துப்போனார்கள்.

சரி, உங்கள் பைக்கு வருவோம். யூரோவோ டாலரோ, கிழிசல், கிறுக்கல் இல்லாத சின்ன நோட்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் முழு வாரத்துக்கும் வேண்டும், அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பவர் பேங்க், டார்ச் கட்டாயம். 2024 அக்டோபரில் அந்தோனியோ கித்தேராஸ் மின்நிலையம் நின்றபோது தீவு முழுவதும் இருளில் மூழ்கியது.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. சிங்கப்பூர்க்காரர்கள் விசா இல்லாமல், இஸ்டா (ESTA) என்ற இணையவழி முன்அனுமதியோடு அமெரிக்கா போகலாம் அல்லவா? 2021 ஜனவரி 12-க்குப் பிறகு கியூபா போய்வந்தவர்களுக்குப் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது. தூதரகத்தில் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்கா போகும் திட்டம் இருந்தால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.