பான் எண்ணோடு போன பட்டியல்

கேள்வி: ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சின்ன அறக்கட்டளையில் நான் பொருளாளர். சம்பளம் கிடையாது. எங்கள் ஜிமெயிலுக்குள் யாரோ புகுந்து, "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று நன்கொடையாளர்களுக்கு எழுதிவிட்டார்கள். இரண்டு பேர் பணமும் அனுப்பிவிட்டார்கள். இது என் தலையில் விழுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: அம்மா, உங்களுக்குப் போனில் சொன்னதை மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். பணத்தை இழந்தவர்கள் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்கு ஓடும். சீக்கிரம் சொன்னால் மிச்சமிருப்பதையாவது வங்கியில் நிறுத்தி வைக்கலாம்.

சம்பளம் வாங்கவில்லை என்பதால் பொறுப்பு இல்லாமல் போகாது. சொந்தப் பணத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தீர்களா என்றுதான் கேட்பார்கள். பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும்? பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்ததா? தெரிந்ததும் நன்கொடையாளர்களிடம் சொன்னீர்களா? நடந்ததைத் தேதியோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அறக்கட்டளைப் பத்திரத்தோடு ஒரு வக்கீலையும் பாருங்கள்.

எனக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை, அந்த மெயிலில் கிடக்கும் நன்கொடையாளர் பட்டியல். ஆடிட்டராக ஒரு முதியோர் இல்லத்துக்கு மே மாதக் கடைசியில் போயிருந்தேன். வருமான வரிச் சலுகை உள்ள (80ஜி) நன்கொடைகளை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 10பிடி படிவத்தை 31-ம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டுமே, அந்த அவசரம். கொடுத்தவர்களின் பெயர், முகவரி, பான், தொகை எல்லாம் ஒரே எக்ஸெல் கோப்பில். "சரிபாருங்க" என்று அதைத் தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். போன வருடமே விலகிய பையனும் அந்தக் குழுவில் இருந்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. தரவைச் சரியாகப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சேவை அமைப்பு என்பதற்காக மொத்தமாக விலக்கு ஒன்றும் கிடையாது. திருடுகிறவனும் சேவை என்று பார்ப்பதில்லை. 2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் சர்வரிலேயே புகுந்தார்கள். போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள் என்று 5,15,000-க்கும் அதிகமானவர்களின் விவரம் அதில் இருந்தது.

உங்கள் பிள்ளைகளின் போட்டோவும் வீட்டு முகவரியும் அதே மெயிலில்தானே இருக்கும்? பாஸ்வேர்டை மாற்றியதோடு விடாதீர்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்' பகுதியைத் திறந்து பாருங்கள். வரும் மெயிலெல்லாம் தனக்கும் வரும்படி, உள்ளே புகுந்தவன் அங்கே ஒரு முகவரியைப் போட்டுவைத்திருக்கலாம். இருந்தால் அதைப் படம் எடுத்துக்கொண்டு நீக்குங்கள். அப்புறம் நன்கொடையாளர் ஒவ்வொருவரிடமும் நீங்களே போனில் பேசுங்கள். மெயில் அனுப்ப வேண்டாம், இப்போது அதை யாரும் நம்ப மாட்டார்கள்.